கெஞ்சக் கூடாத வீடு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் 'சந்தை வாத்தியார்' என்று பெயர். பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். அவர் கணக்கில் உலகத்தில் எல்லோரும் சுதந்திரமானவர்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுப்பவனும் வாங்குபவனும் மனம் ஒத்துப் பேசி முடித்தால் இரண்டு பேருக்கும் லாபம், நடுவில் அரசாங்கம் மூக்கை நுழைக்காமல் இருந்தால் போதும். இதையெல்லாம் வகுப்பில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கால் மேல் கால் போட்டு அதிகாரம் பண்ணும் ஆட்களை எனக்குத் தெரியும். அத்தான் அப்படி இல்லை. சொன்னதை வீட்டிலும் செய்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் பேரம் நடக்கும். பாத்திரம் கழுவுவது, குப்பை கொட்டுவது, ஜன்னலோரக் கட்டில் எல்லாம் மேஜைக்கு வரும். காசு கிடையாது, வேலைக்கு வேலைதான். யாருக்குத் தேவையோ அவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பதிலுக்கு என்ன தருவேன் என்றும் சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லியும் எதிராளி ஒத்துவரவில்லை என்றால் பேரம் முடிந்தது, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கெஞ்சக் கூடாது. 'நான் உன் அப்பா', 'நான் உன் மகள்' என்று உறவைக் காட்டிக் காரியம் சாதிக்கவே கூடாது.

"பெத்த பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் தேவையா, அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கப்பா வாயத் தொறந்தாலே 'பெத்தவன் சொல்றேன்'னுதான் ஆரம்பிப்பாரு, மச்சான். என் படிப்பு, என் சட்டை, நான் யார்கூட பேசணுங்கறது, எல்லாத்தையும் அந்த ஒரு வார்த்தையை வெச்சே பிடுங்கிக்கிட்டாரு. என் பிள்ளைங்க காதுல அது விழவே கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அக்கா மட்டும் அந்த வீட்டில் கள்ளச் சந்தை நடத்தினாள். மகள் பேரத்தில் தோற்றுத் தலையில் கட்டிக்கொண்ட பாத்திரங்களை, அவள் பள்ளிக்குப் போனதும் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிடுவாள். மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைப்பாள். அத்தானுக்கும் தெரியும். "உங்க அக்கா சந்தையைக் கெடுக்கிறா" என்று என்னிடம் புகார் சொல்வார், அவள் தேய்த்துக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தாள். கள்ளச் சந்தையும் அதோடு மூடியது. அன்றிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

அத்தான் தனியாக இருந்தார். மகன் கடல் தாண்டிப் போய், இரண்டாம் கல்யாணமும் செய்துகொண்டு, எப்போதாவது போனில் முகம் காட்டுவான். மகள் இதே ஊரில்தான் இருக்கிறாள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். அவளும் புருஷனும் பிரிந்துவிட்டார்கள். அவர்களுடைய பெண் ஒரு வாரம் இவளிடம், ஒரு வாரம் அவனிடம். இந்த ஏற்பாட்டை ஒரு சண்டை இல்லாமல் மேஜையில் உட்கார்ந்தே பேசி முடித்தாள். வக்கீலே அசந்துபோனாராம். அப்பா வளர்த்த பெண்.

பிறகு அத்தான் குளியலறையில் விழுந்தார். இனி தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மகளிடம் போய்விட வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. என்னிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை வரச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

நானும் போயிருந்தேன். அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "உன் வீட்டுல எனக்கு ஒரு இடம் வேணும்மா. பதிலுக்கு, பேத்தியை நானே ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரேன்."

"வேன் வருதுப்பா. நீங்க எதுக்கு வெயில்ல போய் நிக்கணும்?"

"அப்ப, அவளுக்குக் கணக்கு சொல்லித் தரேன்."

"அவளே படிச்சுக்குவாப்பா. நீங்க எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?"

அத்தான் தன் கைகளைப் பார்த்தார். விழுந்ததிலிருந்து அவை நடுங்குகின்றன. "காய் நறுக்கித் தரேன்."

"இந்தக் கையோடயா? சும்மா இருங்கப்பா."

மூன்றும் ஆயிற்று. "சரிம்மா, முடிஞ்சுது" என்று தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். பாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே அவரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். காரில் போகும்போது, "கூட்டிட்டுப் போம்மான்னு வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, அத்தான்" என்றேன்.

"அப்பன் அப்படிக் கேட்டா, அவளால முடியாதுன்னு சொல்ல முடியுமா? எங்கப்பா பண்ணதத்தானே நானும் பண்ணதா ஆகும்?" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் அவர் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் பாப்பா வீட்டுக்குப் போனேன். சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. தாழ்வான கட்டில், புது மெத்தை. அதை ஒட்டிய குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி. துளை போட்ட சிமெண்ட் தூள்கூட இன்னும் தரையில் கிடந்தது.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தான் மாமா. எந்த வேலையும் செய்யாம சும்மா வந்து இருக்கட்டும்னுதான் ஒவ்வொண்ணா வேண்டாம்னேன். அதுக்கப்புறம் வெறுமனே 'வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு உட்கார்ந்திருந்தேன். சொல்லவே இல்ல. என்கூட இருக்க இஷ்டமில்லபோலன்னு நினைச்சேன்."

நான் இல்லத்துக்குப் போன் போட்டு, அத்தானைக் கூப்பிடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து அவள் கையில் கொடுத்தேன்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"முடிஞ்ச பேரம்மா அது."

"புதுசா ஒண்ணு பேசுவோம்ப்பா."

"பதிலுக்கு?" என்றார்.

பாப்பா சுவரிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை, 'நான் உன் அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போ'ன்னு கேளுங்க. அது போதும்."

அவர் மூச்சு விடுவது எனக்கும் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"விலை ரொம்ப அதிகம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.