அப்பா எழுதிய விதிவிலக்கு

அப்பா செய்தது விட்டுக்கொடுப்பா, விவேகமா? அவர் மறைந்து ஓராண்டாகியும் எனக்கு விடை தெரியவில்லை. அப்பாவுடன் நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு வரைந்தவர்கள், நிறைவேறாத அந்த வரைவை நூலாக வெளியிடுகிறார்கள். காணியுரிமைப் பிரிவின் கீழ் அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

அப்பா பாலையூற்றில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்து, போரால் இடம்பெயர்ந்து, அகதி முகாமிலிருந்தே படித்துச் சட்டத்தரணியானவர். மூதூர்ப் பக்கத்துக் காணி வழக்குகளே அவரிடம் அதிகம் வந்தன. அந்த அனுபவத்துக்காகவே அவரை வரைவுக் குழுவில் சேர்த்தார்கள்.

எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டுவார். எனக்குப் பொல்லாத மந்திரி வேடம். அந்த வாசகங்களை வைத்தே பிறர் காணியை நான் பறித்துக்காட்ட வேண்டும். பறித்துவிட்டால் மகிழ்ச்சியோடு திருத்துவார். தனக்குப் பிடிக்காதவன் ஆளும் நாளை நினைத்தே சட்டம் எழுத வேண்டும் என்பார்.

ஒருநாள் மிக இலகுவாகப் பறித்துவிட்டேன். நாட்டின் பாதுகாப்புக்காகக் காணி எடுக்கலாம் என்றொரு விதிவிலக்கு இருந்தது. அப்பா அதைத் திருத்தவில்லை.

"தெரியும் மகள். இது இல்லாட்டி குழுவில இருக்கிற மற்றப் பக்கம் ஒப்பாது. முழுப் பிரிவும் போயிடும்."

அங்கிருந்த பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "காணி போன சனத்துக்குள்ள இருந்துகொண்டு நீயே கதவைத் திறந்து விடுறியோ?"

"கதவில்லை அண்ணை, யன்னல். கம்பி போட்டிருக்கிறன்."

எடுப்பவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். உரிமையாளர் நீதிமன்றம் போகலாம். குறித்த காலத்துக்குள் நாடாளுமன்றம் அந்த உத்தரவை நீடிக்காவிட்டால் காணி தானாகவே உரிமையாளருக்குத் திரும்பிவிடும். அப்பா போட்ட கம்பிகள் இவை. வரைவு வாக்கெடுப்புக்கே வராததால் அவை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

சிறுநீரக நோயோடு படுத்திருந்தபோது, அந்த விதிவிலக்கைப் பயந்துதான் எழுதினாரா என்று கேட்டேன். அந்த நிலையில் கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் நினைக்கிறேன்.

"ஓம், பயம்தான். ஒண்டுமே கிடைக்காமப் போயிடும் எண்ட பயம்."

இந்த நினைவு மலர் வழியாக, அப்பாவைக் கவனித்த தாதியருக்கும், என் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், நாள் தவறாமல் வந்துபோன மூதூர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெயர் வேண்டாம், சனம் திட்டும் என்கிறார் பெரியப்பா. மறைத்தால் அப்பாவே வெட்கப்பட்டதாக ஆகாதா என்று எனக்குப் படுகிறது. மறுநாள் பெரியப்பா சொல்வதே சரியென்றும் படுகிறது. இம்மலரை வாசிப்பவர்களில் காணி இழந்தவர்களும் இருக்கிறீர்கள். நூல் அச்சுக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்: அந்தப் பிரிவின் கீழ் அப்பாவின் பெயர் இருக்கலாமா? கோபமாகச் சொல்வதானாலும் வாருங்கள்.