கோயில் கிணற்று விலாங்குகள்

தென்பெண்ணை ஆற்றில் விலாங்கு பிடித்து, அடையாளம் வைத்து, திரும்ப விடுவதுதான் அப்போது என் உத்தியோகம். "புடிச்சு உடறதுக்கா சம்பளம்? நான் புடிக்காமயே உடறேன், எனக்கும் குடுக்கச் சொல்லு" என்பார் கிருஷ்ணகிரி டீக்கடைக்காரர். அவர் பேச்சுக்காகவே தினமும் அங்கே டீ குடித்தேன்.

ஆற்றின் குறுக்கே ஒரு அணை எழும்பிக்கொண்டிருந்தது. முதிர்ந்த விலாங்கு கடலுக்குப் போய்த்தான் முட்டையிடும். நம் பக்கத்து விலாங்கும் போகிறது என்று தெரிந்தால், மீன் போய்வர அணையோரம் ஒரு வாய்க்கால் விடுவார்களாம். மீன் இலாகா அதிகாரி அனுப்பிய மஞ்சள் நூலை மீனின் முதுகுத் துடுப்பில் தைத்து நான் விடுவேன். கடலூர் உப்பங்கழியில் இன்னொருவர் அவற்றைப் பிடிக்க மூங்கில் பறி வைத்துக் காத்திருப்பார்.

மழைக்காலம் பாதி போயிற்று. அங்கே ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. "இந்த மாசம் பாப்போம். இல்லாட்டி வாய்க்கால் கிடையாது" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

அந்த வாரம், ஆற்றோடு கீழே நடந்து போனவன், ஓர் ஊரின் மாரியம்மன் கோயில் கிணற்றடியில் தண்ணீர் கேட்டேன். இறைத்துக்கொண்டிருந்த அம்மாள் குடத்தைச் சாய்த்தபடி, "எட்டிப் பாத்துக் கும்பிட்டுக்கண்ணா, சாமி மீனு கீது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பாகப் பின்னிக் கிடந்தன விலாங்குகள். முதுகுக்கு முதுகு மஞ்சள் நூல். என் தையல். கையில் வாங்கிய தண்ணீர் முழுதும் விரலிடுக்கில் ஒழுகிப் போயிருந்தது.

"இதுங்க எப்படிம்மா இங்க?"

"ஆத்து வலையில மாட்டுதுண்ணா. யாரோ வேண்டிக்கிட்டு காப்பு கட்டி உட்டது. கொழம்பு வெக்க மனசு வருமா? திரும்ப ஆத்துல உட்டா வேற எவனாச்சும் தின்னுடுவான். அதான் ஆத்தாகிட்டயே உட்டுட்டோம்."

"அது நான் கட்டின நூலும்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? என்னா வேண்டுதல்?"

இலாகா, அணை, அதிகாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "இதுங்க கடலுக்குப் போய்ச் சேரணும்" என்றேன்.

அம்மாள் பூசாரியைக் கூப்பிட்டார். இருவரும் தங்கள் வீட்டுத் தெலுங்கில் மளமளவென்று பேசினார்கள். பூசாரி என் பக்கம் திரும்பினார். "கட்டினவனே சொல்லிட்ட. இனி நாம வெச்சிருந்தா ஆத்தா கோவிச்சுக்குவா."

கூடை போட்டு எடுத்து, புதுப்பானைகளில் விட்டு, வேப்பிலை சொருகி, பம்பை அடித்து ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே நடந்தேன், கால் தரையில் பாவவில்லை. கடைசிப் பானையைச் சாய்க்கும்போதுதான் உறைத்தது: கடலூர் வரை கரையோரம் எத்தனை ஊர், எத்தனை கோயில் கிணறு. பூசாரியிடம் சொன்னேன்.

"மத்தூர் சந்தையில சொல்லிடறேன், கடலூர் வரைக்கும் சேதி போயிடும். இந்தக் காப்பு கடலுக்குன்னா போதும், எவனும் தொடமாட்டான்" என்றார்.

மாசம் முடியுமுன் கடலூர்ப் பறியில் மஞ்சள் நூலோடு ஒன்று விழுந்தது. தகவல் கொண்டுவந்தவரை மறுபடியும் சொல்லச் சொன்னேன்.