மார்வா மணிப்பூ

ஆர்டித் பிங்கமுக்குப் பொய் சொல்ல வராது. ஊரில் யாரும் அதைப் பெருமையாகச் சொல்வதில்லை. கேக்கைக் கையில் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அநேகம். யூட்டாவின் கிழக்குக் கோடியில் ஒரு சின்னக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய சிவப்பு மைக்குப் பயந்து வேறு பாடத்துக்கு ஓடிய மாணவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு வசந்தகாலத்தில் பொய் சொல்ல ஆசை வந்தது.

வனவிலங்கு இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஊருக்கு வடக்கே வெள்ளைப் பாறைச் சரிவில் மட்டும் வளரும் மார்வா மணிப்பூவை, அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று இலாகா எண்ணியது. செடி பெருகிவிட்டது என்பதால் அல்ல. அப்படித் தனியாக ஒரு செடியே கிடையாது, மலைப்பக்கச் சாலையோரமெல்லாம் பூக்கிற சாதாரண மணிப்பூதான் அந்த வறண்ட பாறையில் குட்டையாக, கருநீலமாக வளர்கிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வு சொல்லிவிட்டது. ஆய்வு சரிதானா என்று வெளியாட்கள் மூன்று பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி ஆர்டித். செடியை எடுக்கலாமா கூடாதா என்பது அவள் வேலை இல்லை. ஆதாரம் நிற்குமா, நிற்காதா, அவ்வளவுதான். எழுதுவது அவள் பெயரோடு ஊரறிய வெளியாகும்.

மார்வா என்பது ஒரு குழந்தையின் பெயர். ஆர்டித்துக்குப் பாடம் சொன்ன வால்டோ ஸ்டாட்டின் ஒரே மகள். ஆறு வயதில் வயல் வாய்க்காலில் தவறி விழுந்து போய்விட்டாள். அதன்பிறகு அந்த மனுஷன் வீடு தங்காமல் மலை மலையாக அலைந்தார். அப்படி அலைந்தபோது கண்ணில் பட்டதுதான் இந்தப் பூ. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அசிங்கம். மகள் பெயரை வைக்க யார் தடுப்பார்கள்? பட்டியலில் ஏறியதும் எரிவாயுக் கம்பெனியால் சரிவைத் தொட முடியவில்லை. வேலை போச்சே என்று பாதி ஊர் அவரை வைதது. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். மனைவி லவான் மட்டும் எண்பதைத் தாண்டி, கைத்தடியும் தானுமாக இருந்தாள். இருவரும் ஒரே சபை, அந்த வழக்கப்படி ஆர்டித் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

ஆர்டித் இலாகாவுக்குப் போன் போட்டு, நான் அவருடைய மாணவி, என்னை விட்டுவிடுங்கள் என்றாள். பணம் காசு சம்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் மாணவி என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள், அந்தச் செடியைத் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ஆய்வில் ஓட்டை கண்டுபிடிப்போம் என்று உட்கார்ந்தாள். கண்டும் பிடித்தாள். பாறைச் சரிவு விதையை நல்ல மண்ணில் போட்டபோது உயரமாக, வெளிறிய பூவாக வந்தது என்று ஆய்வு சொன்னது. ஆனால் வளர்த்தது கண்ணாடிக் கூடத்துத் தொட்டியில், ஒரே ஒரு பருவம். வெட்டவெளியில் பல வருஷம் வளர்த்துப் பார்க்காமல் இதை முடிவாகக் கொள்ள முடியாது என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. விஷயம் நாலைந்து வருஷம் இழுக்கும். அதற்குள் லவான் மகள் பெயர் அழியாமல் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவாள். ஆய்வு சரி என்று ஆர்டித்தின் உள்மனசுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஓட்டைக்குள் ஒளிவதற்குப் பெயர் என்ன என்பதும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் எழுதுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் நாள் வந்தது. காபி டப்பாவுக்கு வெள்ளித்தாள் சுற்றி, அதில் பியோனிப் பூக்களைச் செருகி எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஆர்டித் தன் காரில் லவானை அழைத்துப் போனாள். மார்வாவின் கல்லைச் சுற்றி, புல்லுக்கு நடுவே, வெளிறிய மணிப்பூச் செடிகள் இடுப்பளவு நின்றன. வால்டோ பாறைச் சரிவிலிருந்து விதை கொண்டுவந்து மகள்மேல் தூவியிருந்தார். அது முளைக்கவில்லை, இதெல்லாம் காற்றில் வந்து விழுந்த களை என்பார். வருஷா வருஷம் ஆர்டித்தும் கூட உட்கார்ந்து பிடுங்குவாள். வேர் ஆழத்தில் நின்றுகொண்டு மறுபடி தலைகாட்டும். அவர் போன பிறகும் அவள் அந்த வேலையை விடவில்லை. இன்றும் முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

லவான் கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

"விடுடி. புடுங்கினது போதும்."

"களை, சிஸ்டர். இத விட்டா தோட்டம் பூரா பரவிடும்."

"களைன்னு யாரு சொன்னா?"

"அவருதான்."

"அவரு சொன்னா? வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மணிப்பூ இருக்கா, காட்டு. காத்துல எங்கேருந்துடி வரும்? அவரு தூவினதுதான் இது. மொத வருஷமே இப்படித்தான் நெடுநெடுன்னு வந்துச்சு. பாத்த அன்னிக்கே அவருக்குத் தெரியும். எவனாவது பாத்துடப் போறான்னு அழுதுகிட்டே புடுங்குவாரு."

ஆர்டித் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாணவன் எழுதுவதில் ஒரு கமாவை விடாதவள், நம்பின மனுஷர் சொன்ன சொல்லை ஒரு தடவையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டதில்லை. வெட்டவெளியில் பல வருஷம் வளர்த்துப் பார்க்கச் சொல்லவிருந்தாளே, அது இத்தனை காலமும் அவள் கையிலேயே வளர்ந்திருக்கிறது. கடிதத்தைப் பற்றி, தான் எழுதவிருந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் லவானிடம் கொட்டினாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

லவான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓரடி கிட்டே வந்தாள்.

"செத்த குழந்தைய, நாம அந்தப் பக்கம் போனதும் அதே குழந்தையா நம்ம கையில குடுப்பாங்க, நாமதான் வளத்து ஆளாக்கணும்னு நம்ம சபையில சொல்றாங்க இல்ல, நான் அத நம்பிக்கிட்டிருக்கேன். அவருக்கு அந்த நம்பிக்கை விட்டுப்போச்சு. பாவம், அதான் பூவப் புடிச்சுத் தொங்கினாரு." கைத்தடி நுனியால் ஒரு செடியை மெல்ல நிமிர்த்தினாள். "எம் பொண்ணு வளரணும் ஆர்டித். அவரு வளர வளரப் புடுங்கிப் போட்டாரு. நீ உள்ளத எழுது."

ஆர்டித் உள்ளதை எழுதினாள். ஆதாரம் நிற்கும், கண்ணாடிக் கூடத்துக்கு வெளியிலும் அதே கதைதான், இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எவரும் வந்து பார்க்கலாம், வருஷா வருஷம் பிடுங்கியவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதினாள். எத்தனையோ பேரைச் சிவப்பு மையால் அழவைத்தவள், அந்த வரியை எழுதிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

இலாகா ஆற அமரத்தான் வேலை செய்யும். அறிவிப்பு வருவதற்கு முன்பே, அந்தக் குளிர்காலத்தில், லவான் தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆர்டித் எதை எழுதியிருந்தாலும் அவள் இருந்தவரை மகள் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். அந்த நினைப்பு ஆர்டித்தை அரித்துத் தின்றது. பட்டியலிலிருந்து பெயர் போனதும் வெள்ளைச் சரிவில் கம்பெனி சாலை போட்டது. வால்டோவை வைதவர்கள் கடைத்தெருவில் அவளுக்குக் கைகொடுத்தார்கள். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மே மாதம் மூன்று டப்பாக்களோடு தனியாகப் போனாள். மணிப்பூச் செடிகள் அப்பா கல்லையும் தாண்டி, அம்மாவின் புது மண்ணில் கிளம்பியிருந்தன. புல்வெட்டும் மெஷினோடு வந்த தோட்டக்காரர் அதை நிறுத்திவிட்டு, ஊரே வந்து பார்க்கிற நாளாச்சே, இந்தக் களைமேல் மெஷினை ஓட்டிவிடவா என்று கேட்டார்.

அப்படி ஒரு செடியே கிடையாது என்று தன் பெயர் போட்டு அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தவள், டப்பாவைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க. அது மார்வா."

அவர் ஒன்றும் புரியாமல் கல்லைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பிறகு மெஷினைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.