தேதி தெரியாததால் வந்த மறதி நோய்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்; நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஸ்டெல்லா எழுதுகிறாள்.

அடுப்பில் பாலை வைத்து இரண்டு முறை மறந்தேன். ஸ்டெல்லாவின் அப்பா, என் மகன், டாக்டரிடம் அழைத்துப் போனான்.

"இன்னிக்கு என்ன தேதி பாட்டி?"

"குழாயில தண்ணி வர்ற நாளு," என்றேன்.

படம் வரையச் சொன்னார். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் போட்டுப் பழகாத கை. முப்பதுக்குப் பதினான்கு மார்க், மறதி நோய் என்றார். மகன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். லிங்கராஜபுரத்தில் நாலு வீடு தள்ளியிருக்கும் சர்ச்சுக்குக்கூடத் தனியாக விடவில்லை.

"பள்ளிக்கூடமே போகாதவளுக்குப் பரீட்சை வச்சா எத்தனைடா மார்க் வரும்?" என்று சண்டை போட்டேன். வேறு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதலில் என் படிப்பைத்தான் கேட்டார். படிக்காதவர்களுக்கு அந்த மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாதாம். இரத்தம் சோதித்ததில் தைராய்டு குறைவு. அதுவும் மறதி தருமாம். மாத்திரை சாப்பிட்டு நாலு மாதத்தில் தலை தெளிந்தது. சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடமும் "நான் படிக்காதவ, அதை எழுதிக்கிட்டு அப்புறம் கேளுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெல்லா, எழுதுனத ஒருவாட்டி படி. உங்கப்பாகிட்ட சண்டை போட்டத விட்டுட்டியா, பாப்போம்.