இடப்பக்கத்து ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு ஹாலில் ஒருமுறை கைதட்டினால் இரண்டரைக் கைதட்டல் கேட்கும். அப்பா மஸ்கட்டில் இருந்தபடியே, போனில் பேசிப் பேசிக் கட்டிய வீடு. வழுக்குகிற பெரிய டைல்ஸ், உயரமான கூரை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல். நான்கு பேருக்கென்று கட்டியது. அக்கா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள அம்மாவும் போனாள். அப்பா பழையபடி மஸ்கட். குழித்துறையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில், நானும் பெங்களூர் கம்பெனி கொடுத்த லேப்டாப்பும் அந்த இரண்டரைக் கைதட்டலும் மிஞ்சினோம்.

பக்கத்து ரப்பர் விளையில் வீடு இருக்கும் சித்தி சாயங்காலம் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள்.

"ஏட்டி, ஆரு கூட பேசிட்டிருக்க?"

"மீட்டிங் சித்தி."

"நீ ஒண்ணும் பறயல்லியே?"

"மியூட்ல இருக்கேன்."

"அது கொள்ளாம். சம்பளமும் தந்து வாயையும் மூடி வச்சிருக்கானுவ." சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் சிரிப்பும் ஹாலில் கொஞ்ச நேரம் சுற்றும்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு ரிசீவர் பைத்தியம் பிடித்தது. டிவியிலிருந்து சத்தத்தை வாங்கி, பிரித்து, இது முன்னால், இது பின்னால் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பி வைக்கிற பெட்டிக்கு அதுதான் பெயர். விலை குறைந்தது வேண்டாம், மேல்மட்டத்துக்குக் கை எட்டாது. நடுவில் உள்ளவற்றை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நடுவில்தான் குழப்பமே. அட்டையில் நூறு வாட் என்று போட்டிருப்பார்கள்; இரண்டு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது அளந்தது அது. எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டால் வெகுவாக இறங்கிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. சித்தியிடம் சொன்னேன். "ஆமா, சவம், எல்லாத்துலயும் கள்ளம்தான்" என்றாள்.

கடைசியில் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்றில் ஏழு ஸ்பீக்கர் மாட்டலாம், இன்னொன்றில் ஐந்து. ஐந்தில் பேச்சுச் சத்தத்தை மட்டும் தனியாகத் தூக்கித் தருகிற ஒரு பொத்தான் உண்டு. என் நோட்டில் அதற்கு நேரே "வயசானவங்களுக்கு" என்று எழுதி அடித்து வைத்திருந்தேன். ஏழுதான் என் கட்சி.

இவ்வளவும் அப்பாவின் முப்பது நாள் லீவுக்காக. முந்தைய லீவில், அம்மா அயர்லாந்து போன புதிதில், நாங்கள் இருவரும்தான் வீட்டில். ஒரே சோஃபாவில் உட்கார்ந்திருந்தோம். நான் பேசுவேன், அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேசையில் ஏதாவது கேட்பேன், தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடியோ கால் போட்டாலும் முகம் திரும்பியே இருக்கும். கன்னமும் காதும்தான் தெரியும். வேறு எதையோ பார்த்துக்கொண்டு என்னோடு பேசுகிறார் என்று நினைத்து ஒருமுறை கோபத்தில் அழைப்பைத் துண்டித்திருக்கிறேன். இந்த லீவிலாவது, ஒரு படம், முதலிலிருந்து கடைசிவரை, அப்பாவும் நானும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரிசீவர் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, "மாடியில டிஷ்ஷுக்க ரிசீவர் கெட்டுப்போச்சா? நான் வரும்பம் இங்கேருந்து நல்லது ஒண்ணு கொண்டுவாறேன், கேட்டியா" என்றார். அது வேறு ரிசீவர் என்று விளக்க ஒரு வாரம் ஆனது. எங்கள் பக்கத்தில் யாரும் எதைச் சொன்னாலும் கடைசியில் "கேட்டியா" என்று வைப்பார்கள். கேள்வி மாதிரி இருக்கும். யாரும் பதில் சொல்வதில்லை.

அவர் வந்து நாலாம் நாள் நாகர்கோவிலுக்குப் போனோம். காரை நான் ஓட்டினேன். வழியெல்லாம் நன்றாகப் பேசினார். ரப்பர் விலை, சர்ச் சபைத் தேர்தல், அக்கா குழந்தைக்கு வைத்த வாயில் நுழையாத பெயர். காரில் மட்டும் எப்படி இவ்வளவு பேசுகிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

கடையின் உட்புறத்தில் இருட்டாக ஒரு டெமோ அறை. கடைக்காரர் அறுபதைத் தொட்டவர். நான் கேட்ட முதல் நாலு கேள்விகளிலேயே, "மோளே, யூடியூப் எல்லாம் பாத்து முடிச்சிட்டுத்தான் வந்தியா?" என்றார். ஆனாலும் பதிலை அப்பாவைப் பார்த்தே சொன்னார். அப்பாவுக்கு இடது பக்கம் நின்று, "சாருக்கு என்ன அபிப்பிராயம்?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆள் போல என்று நினைத்திருக்க வேண்டும், பிறகு கேட்கவில்லை.

ஏழு ஸ்பீக்கர் பெட்டியை ஓடவிட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி, மழைக்கு முன் மரத்தில் காற்று இரைவதுபோல ஒரு சத்தம் வரும். நான் உற்சாகத்தில் ஒரு விளையாட்டு வைத்தேன். "அப்பா, கண்ண மூடிக்கிட்டு சத்தம் எங்கேருந்து வருதுன்னு கைய காட்டுங்க."

முன்னால் சத்தம் வந்தது. அப்பா வலது பக்கம் கையைக் காட்டினார். வலது பக்கம் வந்தது, வலது. இடது பக்கம் வந்தது. கொஞ்சம் தயங்கி, மறுபடி வலது.

"உங்க வயர் மாறிக் கிடக்கு" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடியும் அப்பாவின் கை வலது பக்கமே நீண்டது. என் மூளை வேகமாகத்தான் ஓடியது, தப்பான ரோட்டில். "டெமோ ரூம்லயே இப்படி மாட்டி வச்சிருந்தா, எங்க வீட்டுல வந்து எப்படி மாட்டுவீங்க? இடப்பக்கத்து ஸ்பீக்கர் ஓடவே இல்ல. எனக்கு இந்த பீஸ் வேண்டாம்" என்று படபடவென்று பொரிந்தேன். அவர் அப்பாவின் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வரவர முன்னால், வலது, பின்னால், இடது என்று சரியாக விரலைக் காட்டினார். கண்ணைத் திறந்து, பக்கத்திலிருந்த அப்பாவிடம் மெதுவாக, "சார், சாயா சொல்லட்டா?" என்றார்.

அப்பா அசையவில்லை. கண்ணை மூடியபடி, கை இன்னும் வலது பக்கம் நீட்டியிருந்தது.

கடைக்காரர் சத்தத்தை அணைத்தார். என் பக்கம் குனிந்து, "வயர் ஒண்ணும் மாறல்ல மோளே" என்றார்.

திரும்பி வரும்போதும் காரை நான்தான் ஓட்டினேன். அப்பா எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது காது என் பக்கம். காரில் மட்டும் ஏன் பேசினார் என்பது அப்போதுதான் உறைத்தது. சோஃபாவில் நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம். சாப்பாட்டு மேசையிலும் அப்படியே. போன லீவு முழுவதும் செத்துப்போன ஒரு காதிடம் பேசிவிட்டு, பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்திருக்கிறேன்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"போன லீவுக்கும் முன்னயே. கம்ப்ரசருக்க பக்கத்துலதானே வேல. ஒருநாள் காலத்த எழும்பினப்பம் தண்ணி கேறுன மாதிரி அடைச்சு இருந்து. சரியாவும்னு நெனச்சேன்."

"டாக்டர பாத்தியளா?"

"பாத்தேன். இனி திரும்பி வராதுன்னாரு." வெளியே பார்த்தார். "விசா புதுக்கதுக்கு மெடிக்கல் உண்டும். காதெல்லாம் பாப்பானுவளோ என்னவோ. அம்மைக்குத் தெரியண்டாம். கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் மன்னிப்பு கேட்டேன். "போகட்டு மோளே. எங்க வயர சந்தேகப்படாத கஸ்டமர் ஆரு உண்டும்?" என்றார். ஐந்து ஸ்பீக்கர் பெட்டியை எடுத்தேன். பேச்சைத் தூக்கித் தருகிற பொத்தானுக்காக.

அந்தப் பெட்டியோடு ஒரு சின்ன மைக் வரும். நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் போட்டு, அது எப்படிக் கேட்கிறதென்று தானே அளந்து, அந்த இடத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும். எல்லோரும் சோஃபாவின் நடுவில்தான் வைப்பார்கள். நான் அப்பாவைச் சோஃபாவின் இடது கோடியில் உட்காரவைத்தேன். அங்கே உட்கார்ந்தால் ஹால் முழுவதும் அவருக்கு வலது பக்கம் ஆகிவிடும். நானும்தான். டேப்பைப் பிடித்துத் தரையிலிருந்து அவர் வலது காதுவரை அளந்தேன்.

"எதுக்குட்டி, சவப்பெட்டி செய்யவா?"

"நிமிந்து இருங்கப்பா."

பழைய கேமரா ஸ்டாண்டில் மைக்கை அந்த உயரத்துக்குக் கட்டி, அவரை எழுப்பிவிட்டு அங்கே நிறுத்தினேன். அடுத்த இருக்கையில் வைக்கவும் என்று திரையில் வந்தது. ஒரு சாண் மட்டும் நகர்த்தினேன். மூன்று தரம் கேட்டது. மூன்று தரமும் அவர் இடத்தைச் சுற்றியே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படம் போட்டோம். அப்பா இடது கோடியில், நான் அவருக்கு வலது பக்கம். படம் முழுக்கப் பேசினார். இவன்தான் கொன்னிருப்பான் என்றார். இந்த வீட்டுக்கு எவ்வளவு சிமெண்ட் ஆகியிருக்கும் என்றார். நான் பதில் சொன்னால், அதற்கு அவர் ஒரு பதில் சொன்னார். எனக்குப் பாதி வசனம் போயிற்று. போகட்டும் என்று இருந்தது. நடுவில் படத்தில் திடீரென்று மழை கொட்டியது. அப்பா துள்ளி எழுந்தார். "ஷீட்டு கெடக்கு!" என்று வாசலுக்கு ஓடினார். வெளியே கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, நல்ல வெயில். இரண்டு ஷீட்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்.

"அப்பா, மழை ரிசீவருக்குள்ள!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து விளையிலிருந்து சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். மழை பெய்ததாக நினைத்ததை மட்டும் சொன்னோம்.

ஒரு படம் போதும் என்றிருந்தேன். ஏழு பார்த்தோம். அப்புறம் அவர் போய்விட்டார்.

இப்போது ஹாலில் நடுவில் உட்கார்ந்தால் எல்லாச் சத்தமும் வலது பக்கம் சாய்ந்து கேட்கிறது. எனக்கேற்றபடி மறுபடி அளக்கப் பத்து நிமிடம் போதும். மைக் டிவிக்குக் கீழே இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. இடது கோடியில் போய் உட்காருகிறேன். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, வலது பக்கம் யாரும் இல்லை என்பதைத் தவிர.

நேற்று சாயங்காலம் சித்தி வந்தாள். "இவ்வளவு பெரிய சோஃபாவுல மூலையிலயா இருக்கது?"

"இங்கதான் சித்தி சரியா கேக்கும்."

"ஒனக்கு எல்லாம் ஒரு கணக்குதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் சொல்ல முடியாது. அம்மாவிடமும் சொல்ல முடியாது. அயர்லாந்திலிருந்து அவள், "அப்பா ஏன் போன்ல முகத்தையே காட்ட மாட்டேங்கிறாரு?" என்று கேட்கும்போது, வெளிச்சம் சரியில்லை, கேமரா சரியில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

சித்தி போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் அப்பாவின் கன்னமும் வலது காதும்.

"மக்களே, படம் பாத்தியா?"

படத்தை நிறுத்திவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து, அந்தக் காதிடம் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.