மதகடியில் மறித்த கட்டுச்சோற்று வண்டி

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் முள்ளை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். சீக்கிரம் பற்றட்டும் என்று பழைய டயர் ஒன்றையும் மேலே போட்டுவிட்டார்கள். கரும்புகை சன்னல் வழியாக உள்ளே வந்தது. மனைவி எழுந்து சன்னலைச் சாத்தினாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் டயர் எரிகிற நாற்றம் வந்தால் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஆனால் முதலில் கொஞ்சம் புவியியல் சொல்ல வேண்டும். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு பெற்றாலும் வாய் ஓயாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நாங்கள் கரிக்கலாம்பாக்கத்தில், நெல் விளைந்த மண்ணில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். சொந்த ஊர் பாகூருக்குத் தெற்கே. புதுச்சேரி என்றால் கடற்கரையும் மஞ்சள் சுவர்களும்தான் உங்களுக்கு நினைவுக்கு வரும். பாகூர் கொம்யூன் என்கிற எங்கள் வட்டாரத்துக்காரனுக்கு அது ஏரி, கரும்பு, சேறு. பிரெஞ்சுக்காரன் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்த ஊர்களை அப்படியே விட்டுப் போனதில் எங்கள் எல்லை எலி கடித்த வேட்டி மாதிரி இருக்கும். எங்கள் ஊருக்கு ஒரு வாய்க்கால்தான் எல்லை. இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை தமிழ்நாடு, அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு மதகு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த மதகைத் தாண்டித்தான். நானும் தாண்டித்தான் கட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் குடிமையியல் பாடம் என் தலையில். மத்திய அரசு, மாநில அரசு, யூனியன் பிரதேசம், யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று பட்டியல் போட்டால் பிள்ளைகள் தூங்கிவிடும். அதற்காக ஓர் உதாரணம் வைத்திருந்தேன். அண்ணன் தம்பிகள் தனித்தனியாக உலை வைத்துக்கொள்கிறார்கள், கிணறு மட்டும் பொது. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, காரைக்காலிலும் நம் பக்கமும் தமிழ், எல்லாருக்கும் ஒரே சட்டசபை, பார்த்தீர்களா என்று ஏதோ நானே கட்டியது போலப் பெருமைப்படுவேன். ஒரு பயல் எழுந்து, "கெணத்துக்குச் சண்ட வந்தா இன்னா சார் பண்றது?" என்றான். டில்லி பார்த்துக்கொள்ளும் என்று உட்கார வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் சண்டையே டில்லியிலிருந்துதான் வந்தது. சின்னப் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊர் கொதித்துப்போனது. நமக்கென்று இருக்கும் சட்டசபை போய்விடும், பிள்ளைகளுக்குக் கிடைக்கிற வேலை போய்விடும், பெரிய மாநிலத்தின் மூலையில் நம்மை யார் சீந்துவார்கள் என்று பயந்தோம். அந்தப் பக்கம் மதுவிலக்கு. சேர்ந்துவிட்டால் சாராயக்கடையும் போய்விடுமே என்று கொதித்தவர்களும் உண்டு, மறைப்பானேன். நானும் மேடையேறிப் பேசினேன். இன்றைக்குக் கேட்டாலும் இணைப்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாசம். தலைச்சன் பிரசவம். பெண்ணைப் பெற்றவர்கள் வகைவகையாய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி, தாங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டு, மகளை அழைத்துப் போவார்கள். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். நல்ல நாள் முன்பே பார்த்தாகிவிட்டது. அதே நாளில் பந்த் அறிவித்துவிட்டார்கள். பிரசவக்காரிக்கு இன்னொரு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வந்துவிடுவதாக மாமனார் சொல்லியனுப்பினார்.

மதகின் மேல் பனைமரத்தை வெட்டிப் போட்டு, முன்னால் டயரைக் கொளுத்தியிருந்தார்கள். மறியலுக்குத் தலைவர் என் சொந்த அண்ணன். அண்ணனே நிற்கும்போது என்ன கவலை என்று நானும் வண்டியை வரவேற்க அங்கே போய் நின்றேன். அந்தக் கரையில் கூண்டு வண்டி வந்து நின்றது. மாமியார் உள்ளே கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். புகையையும் மீறிப் புளிச்சோற்று வாசனை வந்தது. மாமனார் இறங்கினார். கரும்பு போட்டு ஆளாகி வந்த மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார்.

"வா மாமா. தமிழ்நாட்டு வண்டி எதுவும் இன்னிக்கி உள்ள வுடறதில்ல," என்றார் அண்ணன்.

மாமனார் சிரித்தார். "இன்னாப்பா இது, எம் பொண்ண இட்டுகினு போவ வந்துகிறன்."

"அதெல்லாம் சரி மாமா. இணைப்பு ஒழிகன்னு ஒரு சத்தம் குடு, வண்டி போவட்டும்."

இதில் இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று அவர்கள் ஊர்ப் பையன்கள் இதே மாதிரி எங்கள் வண்டியை மறித்து, அண்ணனைப் பாட்டுப் பாட வைத்துத்தான் விட்டார்கள். சம்பந்திக்குள் கேலி எங்கள் பக்கம் வழக்கம். கேலிக்கு ஆளாகிறவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவன் சிரிக்க வேண்டும். அண்ணன் அதற்குப் பதில் மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் கல்யாணத்தில் மறித்தது மாப்பிள்ளை வீட்டாரை. இங்கே நின்றவர் பெண்ணைப் பெற்றவர்.

மாமனார் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"கேக்கல மாமா!"

இன்னொரு தரம் சொன்னார்.

"கடலூர் வரிக்கும் கேக்கணும் மாமா!"

தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "இணைப்பு ஒழிக" என்று கத்தினார். இருமல் வந்துவிட்டது. பையன்கள் விசில் அடித்தார்கள். மாமியார் வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பனைமரத்தைப் புரட்டி வழி விட்டார்கள். வீட்டில் கூடைகளைத் திறந்து எல்லாருக்கும் பரிமாறினார்கள். வயிறு சரியில்லை என்று மாமனார் இலையில் உட்காரவில்லை, வாசலில் நின்ற மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மதகில் நடந்ததை மாமியார் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். மனைவி வண்டியேறும்போது என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் டில்லி பின்வாங்கியது. வெடி வெடித்தோம், மிட்டாய் கொடுத்தோம். அதே சமயம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அந்தக் கரையில் என்னை யாரும் மறிக்கவில்லை, எந்தக் கோஷமும் போடச் சொல்லவில்லை. வாசலில் தண்ணீர்ச் செம்போடு மாமனாரே வந்தார். செம்பை வாங்கிக்கொண்டேன்.

"மாமா, அன்னிக்கி அண்ணன் வெளயாட்டா..."

"அவுரு சொல்லச் சொன்னாரு, எம் பொண்ணுக்காவச் சொன்னன். அது ஒண்ணுமில்ல. நீங்க சிரிச்சீங்களே சார்," என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை மாப்ள என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை அவர்.

அப்புறமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேத்திக்குக் காது குத்த வந்தார், பொங்கல் சீர் கொண்டுவந்தார், எதிலும் குறை வைக்கவில்லை. வாசலில் நின்று, "சார் இருக்கறாரா?" என்று மகளைக் கேட்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உள்ளே எழுந்து நிற்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கடைசிவரை கேட்கவில்லை.

இப்போது அந்த மதகு தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது. வாய்க்காலின் இரண்டு பக்கமும் மனை போட்டுவிட்டார்கள், எது எந்த மாநிலம் என்று புரோக்கர்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் சட்டசபை மட்டும் இருக்கிறது, அதைக் காப்பாற்றிவிட்டோம். மாமனார் செத்தபோது சுடுகாடுவரை போய் எல்லாரோடும் அழுதேன். என்னை மாப்ள என்று கூப்பிட்ட மனுஷரை நான் அதற்கு ரொம்ப முன்பே இழந்திருந்தேன்.