வேலியை மண்ணுக்குக் கொடுத்த வருடம்

எங்கள் வளவின் மண்ணைக் கெடுத்தவள் நான்தான்.

இரண்டாம் உலக யுத்த காலம். பங்கீட்டுக் கூப்பன் அரிசி போதவில்லை. வெள்ளவத்தை வீட்டின் முன்பக்கத்தில் மரவள்ளி நடலாம் என்றார் ஐயா, என் அப்பா. சாம்பல் நல்ல பசளை, மண்ணுக்கு உரம் என்று நான் படித்திருந்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து ஆசிரியையானவள் சொன்னால் மறுப்பேது? தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை செய்த ஐயா, நிலக்கரிச் சாம்பலைச் சாக்குச் சாக்காகச் சுமந்துவந்து கொட்டினார். புத்தகம் சொன்னதோ விறகுச் சாம்பலை. மண் சீமெந்துபோல் இறுகியது. நட்ட மரவள்ளித் தடியெல்லாம் கருகியது. ஐயா ஏசவில்லை. தோட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

சாம்பலை வாரி அகற்றவே ஒரு மாதம் பிடித்தது. பிறகு மண்ணுக்குள் போட்டு மக்கவைக்க ஏதாவது வேண்டும். எங்களிடம் இருந்தது தென்னோலை பின்னிய கிடுகு வேலி ஒன்றுதான். பழைய கிடுகை மண்ணில் புதைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்; ஆனால் புதுக் கிடுகு கைக்கு வந்த பிறகு. அந்த வருடம் கிடுகெல்லாம் பட்டாள முகாம்களுக்குக் கூரை வேயப் போய்க்கொண்டிருந்தது. நான் காத்திருக்கவில்லை, அவிழ்த்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒழுங்கையால் போவோர் எல்லாம் பார்க்க, கிடுகைப் புதைக்கக் குழி வெட்டினேன். என் மாணவிகளின் தாய்மார் அந்த வழியாகத்தான் கடைக்குப் போவார்கள்.

"என்ன டீச்சர், திரையைத் திறந்தாச்சு, கூத்து எப்ப தொடங்கும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"டிக்கட் இல்லை, நிண்டு பாருங்கோ!" உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கத்தில் அழுகைதான் வந்தது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

மழை பெய்து கிடுகு மக்கியது. மேலே பயறு விதைத்து, பூத்ததும் மண்ணோடு புரட்டினேன். அரையடி இளகியது. அதற்குமேல் போட ஒன்றும் இல்லை. ஒரு காலை எதிர்வீட்டுக்காரி மரக்கறித் தோலைக் கொண்டுவந்து குழியில் கொட்டினாள்.

"வேலி இல்லைத்தானே. குப்பைக்குப் போறது இஞ்ச கிடக்கட்டும்."

மற்றவர்களும் கொட்டத் தொடங்கினார்கள்.

ஒருவழியாகக் கிடுகு கிடைத்து ஐயா வேலி கட்டியபோது, அவர்கள் வந்து கொட்ட ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி விடச் சொன்னேன்.

"வெக்கம் எண்டு அழுதனி, இப்ப என்ன?"

"மண் இன்னும் ஆறேல்லை ஐயா."

அவர் விட்டார். திரும்ப மரவள்ளி நட்டு, மறுவருடம் பிடுங்கிய கிழங்கு விரல் பருமன்தான் இருந்தது. அம்மா அவித்து வைத்தார். ஐயா இரண்டு துண்டை மெதுவாகத் தின்று, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, அடுத்த தடியை எந்தப் பக்கம் நடுவம்?"